வீட்டுக்கு வீடு ஓர் ஒலிக் களஞ்சியம்

சென்ற கோடை விடுமுறையில் மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் ஒரு பழைய மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுடைய அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்தது. அக்காவுக்குத் திருமணம் ஆகிவிட்டது. மடிக்கணினி பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடந்ததாம்.

"சார், இதை எங்கள் வீட்டுக்கு இசை வழங்கியாக மாற்றப் போகிறேன். கடையில் விசாரித்தேன். 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கருவி வாங்கினால்தான் உயர்தரம் என்கிறார்கள். தங்கப் பூச்சுள்ள கேபிளும் வேண்டுமாம். எது வாங்கலாம்?" என்று கேட்டான்.

"வாங்குவது இருக்கட்டும், தம்பி. அதில் என்ன பாட்டை வைக்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தான். "அலைபேசியில் இருக்கும் பாட்டுகள்தான் சார். பிறகு, எங்கள் தாத்தா வைத்திருந்த கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதெல்லாம் இப்போது எதற்கு?" என்றான்.

அவன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. இசை வழங்கி அமைப்பது நல்ல முயற்சி. ஒவ்வொரு மாணவரும் செய்து பார்க்கத் தக்கது. ஆனால் 'உயர்தரம்' எங்கே இருக்கிறது என்பதை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பது என் கருத்து. ஏன் என்பதை இயற்பியல் கொண்டே பார்ப்போம்.

இசை வழங்கி என்பது என்ன?

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சமையலறை, குளியலறை, முற்றம் என்று எந்தக் குழாயைத் திறந்தாலும் அதே தொட்டி நீர் வருகிறது. இசை வழங்கியும் அப்படித்தான். பாடல்கள் முழுவதும் ஒரே கணினியில் இருக்கும். அது வீட்டின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் உள்ள வைஃபை வழியாக அலைபேசியோ, தொலைக்காட்சியோ, ஒலிபெருக்கியோ எது கேட்டாலும் அது பாடலை அனுப்பும். இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. குறுந்தட்டின் தரத்தில் இரு தட இசையை அனுப்ப ஒரு நொடிக்கு 14 லட்சம் பிட்டுகள் போதும். பத்தாண்டு பழைய மடிக்கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. லினக்ஸ் இயக்க முறைமையை நிறுவி, மியூசிக் பிளேயர் டீமன், ஜெல்லிஃபின் போன்ற கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மின்செலவு? மடிக்கணினி 15 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 360 வாட்-மணி, மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட். இரவில் அணைத்து வைத்தால் இன்னும் குறையும். மின்சாரம் போனாலும் உள்ளிருக்கும் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். மதுரை வெயிலில் காற்றோட்டமற்ற அலமாரிக்குள் கணினியை வைக்கவும் கூடாது.

ஆக, தொட்டி கட்டுவது எளிது. ஆனால் தொட்டியைப் பளிங்குக் கல்லால் கட்டினாலும், ஊற்றியது கலங்கல் நீரானால் குழாயில் வருவதும் கலங்கல் நீர்தானே? உள்ளே ஊற்றுவது எது, எப்படி ஊற்றுகிறோம் என்பதில்தான் தரம் இருக்கிறது.

வைகை அணையும் 44,100-உம்

கணினி ஒலியை எண்களாக மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒலி அலையை எண்ணாக்குவது எப்படி?

மதுரையில் வெளிவரும் நாளிதழ்களில் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தைத் தவறாமல் பார்த்திருப்பீர்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நாளுக்கு ஒரு முறை அளந்தாலே அணையின் ஏற்ற இறக்கம் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஏன்? அணை நீர்மட்டம் மெல்ல மாறுகிறது. ஆனால் மதுரையில் யானைக்கல் பாலத்தடியில் மாலையில் வெள்ளம் வந்து விடிவதற்குள் வடிந்துவிட்டால், காலையில் மட்டும் அளப்பவருக்கு வெள்ளம் வந்ததே தெரியாது. வேகமாக மாறுவதை அடிக்கடி அளக்க வேண்டும். இதுவே மாதிரி எடுத்தலின் அடிப்படை.

எவ்வளவு அடிக்கடி? ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும், கிளாட் ஷானன் 1949-இலும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் இதற்கு விடை தந்தன. அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும். அந்த எண்களிலிருந்து மூல அலையை முழுமையாக மீட்டுவிடலாம். இரண்டு மாதிரிகளுக்கு இடையில் ஏதோ தொலைந்துவிடுகிறது என்று பலர் நினைப்பது தவறு. வரம்புக்குள் இருக்கும் அதிர்வெண் எதுவும் தொலைவதில்லை.

மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். உங்களுக்குக் கேட்கும் கீச்சொலி சில எனக்குக் கேட்காது. எனவே 40,000-க்கு மேல் ஓர் எண் வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தார்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 96,000 ஹெர்ட்ஸ் வரை பதியலாம். வௌவால் பாட்டுக் கேட்க வந்தால் பயன்படும், நமக்கு வேண்டாம்.

அடுத்தது பிட். அளவுகோலில் எத்தனை கோடுகள் என்பதை இது சொல்கிறது. அடிக்கணக்கில் மட்டும் கோடு போட்ட கோலால் அங்குல உயர்வை அளக்க முடியாது அல்லவா? 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் தருகிறது. ஆகவே 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. கேட்பதற்கு இது தாராளம். பழைய சாதாரண கேசட் தந்தது 50 டெசிபெல் அளவுதான்.

எனவே மாணவனுக்கு நான் சொன்ன முதல் விடை இது: கேட்பதற்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். அதற்கு மேற்பட்ட எண்ணுக்காகப் பணம் கொடுக்காதே.

எது உயர்தரம் என்று யார் சொல்வது?

"சார், எனக்கு வித்தியாசம் கேட்கிறதே!" என்று நீங்கள் சொல்லலாம். கேட்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் சோதித்துப் பார்ப்போம்.

ஒரே பாடலின் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும். தம்பியோ தங்கையோ திரைக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் ஒன்றையும் பூ விழுந்தால் மற்றதையும் போடட்டும். எது என்று நீங்கள் தாளில் எழுதுங்கள். பத்து முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் எழுதினாலும் ஐந்தாறு சரியாக வரும். பத்தும் சரியாக வருவதற்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்று. ஒன்பதோ பத்தோ சரி என்றால் உங்கள் காது உண்மையிலேயே வேறுபாட்டைக் காண்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆறு என்றால், வேறுபாடு விலைச்சீட்டில்தான் இருக்கிறது.

தங்கப் பூச்சுக் கேபிளையும் இப்படியே சோதியுங்கள். தங்கம் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் கணினிக்குள் போகும் எண் 1 என்றால் 1. அதைத் தங்கக் கம்பி 'இனிமையான 1' ஆக்கிவிட முடியாது.

பணம் செலவிட வேண்டிய இடம் ஒலிபெருக்கி. எண்களாக இருப்பதை மறுபடி காற்றின் அதிர்வாக மாற்றும் அந்தக் காகிதக் கூம்பில்தான் பெரிய வேறுபாடுகள் உண்டாகின்றன. அதற்கடுத்தது அறை. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அறையின் நீளம் 3.5 மீட்டர் என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் நிலையலை உண்டாகும். தவிலின் தொப்பி ஒரு மூலையில் இடியாய் முழங்கும். நடு அறையில் காணாமற் போகும். ஒலிபெருக்கியை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். பிறகு கொடியில் நாலு சேலையும் தரையில் ஒரு பஞ்சு மெத்தையும் போட்டுவிட்டுத் தட்டிப் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் உயர்தரம் அது.

நான் செய்த தவறு

இனி, அந்தக் கேசட் பெட்டிக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

எங்கள் அப்பத்தா சோழவந்தான் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர். நடவுப் பாட்டில் கெட்டிக்காரர். 1987-இல் சித்தப்பா சவூதியிலிருந்து டேப் ரிகார்டர் கொண்டுவந்தார். ஒரு நாள் திண்ணையில் அதை வைத்து அப்பத்தாவைப் பாடச் சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் பின்பாட்டுப் பாடினார்கள். முடிவில் குலவை இட்டார்கள். ஏழு வயதுப் பையனாக நானும் அங்கே இருந்தேன். அப்பத்தா 1996-இல் இறந்துபோனார்.

2004-இல், முதுகலை முடித்த இளம் பெருமிதத்தில், அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். அப்போது என் வன்தட்டு 40 ஜிகாபைட். இடம் மிச்சம் பிடிக்க எம்.பி.3 வடிவில், ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் என்று சுருக்கினேன். நாடாவின் 'உஸ்' இரைச்சல் பிடிக்கவில்லை. மென்பொருளில் இரைச்சல் நீக்கியை முழு அளவில் போட்டேன். 'அதுதான் கணினியில் வந்துவிட்டதே' என்று கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் மற்ற சாமான்களோடு போட்டுவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் செய்த காரியம் புரிந்தது. இரைச்சலோடு அப்பத்தாவின் மூச்சும் போய்விட்டது. 'ச' என்ற ஒலி மழுங்கியிருந்தது. கண்ணாடி வளையல் உரசும் ஒலி இல்லவே இல்லை. குலவை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொப்பளித்தது. இன்று என்னிடம் எத்தனை டெராபைட் இடம் இருந்தும் பயனில்லை. எறிந்த எண்களைத் திரும்பப் பெற வழியில்லை. மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற நானே இதைச் செய்தேன்.

எம்.பி.3 மோசம் என்று சொல்ல வரவில்லை. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்ற காதின் இயல்பைக் கொண்டு, நாம் கவனிக்க மாட்டாத பகுதிகளை அது கழித்துவிடுகிறது. போதுமான பிட்டுகள் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. கேட்பதற்கு அது சரி. களஞ்சியத்துக்குச் சரியில்லை. களஞ்சியத்தில் வைப்பது விதைநெல். விதைநெல்லை அரைத்து மாவாக வைத்தால் இடம் குறையும். ஆனால் மறுபடி விதைக்க முடியாது.

கேசட்டுகள் காத்திருக்கமாட்டா

"எல்லாப் பாட்டும்தான் இணையத்தில் இருக்கிறதே!" என்பீர்கள். திரைப்பாடல்கள் இருக்கின்றன. உங்கள் அப்பத்தா பாட்டு இருக்கிறதா? ஊர்த் திருவிழாவில் நடந்த வள்ளி திருமண நாடகம், கரகாட்டத்துக்கு வாசித்த நையாண்டி மேளம், வீட்டுத் திருமணத்தில் வாசித்த நாயனம், யாரோ ஒரு பாட்டியின் ஒப்பாரி எங்கே இருக்கின்றன? அவை ஒரே ஒரு கேசட்டில், ஒரே ஒரு வீட்டுப் பரணில் இருக்கின்றன.

மதுரை இசைக்கு நன்றாகப் பழக்கப்பட்ட ஊர். மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடினார். அந்நாளைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவுதான் ஓடும். மதுரை மணி ஐயர் 1968-இல் மறைந்தார். இன்று நாம் கேட்கும் அவருடைய இசையில் பெரும்பகுதி, கச்சேரிகளில் பதிவான நாடாக்கள் வழியாக வந்தது. அவற்றை யாராவது 'பழசு' என்று எறிந்திருந்தால் அந்த ஸ்வரங்களை நாம் எங்கே போய்க் கேட்பது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்கள். அந்தப் பணிக்காக அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் போகாத ஊர்களும் இருக்கும் அல்லவா? அங்கே நீங்கள்தான் போக வேண்டும்.

காலம் குறைவு. கேசட் என்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பட்டுள்ளன. ஈரமும் வெப்பமும் அந்தப் பசையைக் கெடுக்கின்றன. பரணில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாடா தப்பினாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவரும் அருகி வருகிறார். 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. கருவிகள் வழக்கொழிவதால், 2025-ஆம் ஆண்டுவாக்கில் காந்த நாடாப் பதிவுகளை வழக்கமான முறையில் ஓட்டிப் படியெடுப்பது முடிவுக்கு வந்துவிடலாம் என்பதே அதன் சாரம். அந்தக் கெடு வந்தே விட்டது.

எப்படி ஏற்றுவது?

நல்ல முறையில் ஒரு முறை ஏற்றிவிட்டால் போதும். வழி இதோ:

முதலில் முக்கியமில்லாத ஒரு திரைப்பாடல் கேசட்டைப் போட்டு, டேப் ரிகார்டர் நாடாவைச் சிக்கவைக்காமல் ஓட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டும் தலையைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடையுங்கள். பூஞ்சணம் தெரியும் கேசட்டை மட்டும் தனியே ஒதுக்கி வையுங்கள். அதை ஓட்டக் கூடாது.

தூசி ஏன் பெரிய சங்கதி? ஒரு கணக்குப் போடுவோம். நாடாவின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு நொடிக்கு 10,000 அலைகள். எனவே நாடாவின் மேல் ஓர் அலையின் நீளம் 4.76 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! தலையில் மெல்லிய அழுக்கு இருந்தாலும், தலை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் வளையல் ஒலி முதலில் போய்விடும். தலைக்குப் பக்கத்தில் அதன் சாய்வைத் திருத்தும் சிறு திருகு ஒன்று இருக்கும். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒலி மிகத் தெளிவாகும் இடம்வரை அதை மெல்லத் திருப்பலாம்.

டேப் ரிகார்டரின் 'லைன் அவுட்' துளையிலிருந்து இணைப்பு எடுங்கள். இல்லாவிட்டால் காதணிக் கருவிக்கான துளை. மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம். வலுவான குறிகையைத் தாங்காமல் ஒலியைச் சிதைத்துவிடும். யு.எஸ்.பி.யில் செருகும், இரு தட 'லைன் இன்' உள்ள சிறு ஒலிக் கருவி ஒன்றை வாங்குங்கள். காசு செலவு செய்வதற்கு ஒலிபெருக்கிக்கும் முந்திய இடம் இதுதான்.

ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துப் பதியுங்கள். 'கேட்க 16 பிட் போதும் என்றீர்களே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதியும்போது அடுத்த நொடி எவ்வளவு உரக்க வரும் என்று தெரியாது. குலவை திடீரென்று எழும். அளவு மேல் எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது. 24 பிட்டில் படிகள் ஏராளம். ஆகவே அளவைத் தாழ்த்தி வைத்தே பதியலாம். மெல்லிய ஒலியும் கெடாது. ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தபட்சமாகப் பரிந்துரைப்பதும் இந்த 48, 24 என்ற அளவைத்தான்.

இரைச்சலை நீக்காதீர்கள். அப்படியே வையுங்கள். நீக்கிக் கேட்க விரும்பினால் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும். அதற்குக் கொடுக்க மூலம் நம்மிடம் இருக்க வேண்டும்.

கோப்பை ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். 2001-இல் வெளிவந்த இந்த முறை எதையும் எறியாமல் சுருக்குகிறது. விரித்தால் ஒவ்வொரு பிட்டும் பழையபடி வரும். இடம் எவ்வளவு தேவை? நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு தடம்: 2,88,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.04 ஜிகாபைட். அறுபது நிமிட கேசட் நூறு இருந்தாலும் 104 ஜிகாபைட்தான். ஃபிளாக்கில் அது இன்னும் குறையும். இன்றைய வன்தட்டில் ஒரு மூலை போதும்.

எண்ணுக்கு அப்பால்

ஏற்றிய பிறகும் இரண்டு வேலைகள் உள்ளன. இவற்றைக் கடையில் வாங்க முடியாது.

ஒன்று, விவரம் எழுதுவது. கேசட்டின் மேல் பேனாவால் 'திருவிழா 86' என்று மட்டும் எழுதியிருக்கும். பாடியது யார்? எந்த ஊர்? என்ன சடங்கு? பின்பாட்டுக் குரல்கள் யாருடையவை? இதற்கு விடை எந்த மென்பொருளிலும் இல்லை. தாத்தா, பாட்டி, பெரியப்பா நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாடலைப் போட்டுக் காட்டி, சொல்வதைக் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள். பதிவைப் பொதுவில் வெளியிட நினைத்தால் பாடியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள். திரைப்பாடல், விற்பனைக்கு வந்த இசைத்தட்டு முதலியவை பதிப்புரிமை உள்ளவை. அவற்றை ஊருக்கு வழங்க நமக்கு உரிமையில்லை.

இரண்டு, பிரதி. வன்தட்டு என்றைக்காவது பழுதாகும், நாள்தான் தெரியாது. எனவே மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று வழங்கியில், ஒன்று தனி வன்தட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள அத்தை வீட்டில். ஃபிளாக் கோப்பு தனக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால் ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள். நான் எறிந்தேன், போதும்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றமும் நன்றாக ஓடும் ஒரே ஒரு டேப் ரிகார்டரையும், பயனற்றுக் கிடக்கும் ஒரு மடிக்கணினியையும் தேடிப் பிடிக்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை ஊர்மக்களைத் தங்கள் கேசட்டுகளுடன் வரச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அவர்கள் கண்முன்னே ஏற்றிக் கொடுத்து, கேசட்டை அவர்கள் கையிலேயே திருப்பித் தர வேண்டும். காந்தவியல், அலையியல், மாதிரி எடுத்தல், நிகழ்தகவு ஆகிய நான்கு பாடங்களும் ஒரே மேசையில் நடந்துவிடும். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் இப்படிப் பத்துப் பள்ளிகள் முன்வந்தால், இந்த வட்டாரத்தின் ஒரு தலைமுறைக் குரல் பிழைத்துவிடும்.

அந்த மாணவன் என்ன ஆனான் என்கிறீர்களா? தங்கக் கேபிள் வாங்கவில்லை. தாத்தாவின் பெட்டியில் முப்பத்தெட்டு கேசட்டுகள் இருந்தனவாம். பதினேழாவதில் தாத்தா அவனுடைய அம்மாவைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது பதிவாகி இருந்தது. நடுவில் குழந்தை அழுகிறது. வெளியே ஒரு சேவல் கூவுகிறது. அம்மா அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார்களாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். என்னென்ன கேசட்டுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு தொடங்குங்கள். மடிக்கணினியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.